போகிற பவர் சரி, திரும்புகிற பவர் பொய்: ஒரு வாட்மீட்டர் எலிமெண்டைத் திறந்து பார்த்த கதை

தடைக்காலம் வந்தால்தான் எனக்குக் கை நிறைய வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த 61 நாளில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். எல்லாம் முடிந்து கையில் காசும் தீர்ந்த பிறகுதான் வயர்லெஸ் செட் ஞாபகம் வரும். நாகப்பட்டினம் துறைமுகப் பக்கம் நான் பார்ப்பது அந்தச் செட் வேலை. 25 வாட் மரைன் விஎச்எஃப், கேபின் மேல் ஒரு குச்சி ஆன்டெனா, நடுவே பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆர்ஜி-213 கேபிள். பெரிய ரகசியம் எதுவும் அதில் இல்லை.

இந்த வேலைக்கு நான் நம்பி இருப்பது, கேபிளில் ஓடும் பவரை அளக்கும் பேர்ட் 43 வாட்மீட்டர் ஒன்றை. 1950-களில் அமெரிக்காவில் வந்த வடிவம், இன்றும் அப்படியேதான் இருக்கிறது. பாட்டரி கிடையாது, டிஸ்ப்ளே கிடையாது. செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே மாட்டினால் உள்ளே ஒரு தடித்த பித்தளைக் குழாயும் அதன் மையக் கம்பியும்தான் கேபிளின் தொடர்ச்சி. குழாயின் பக்கவாட்டில் ஒரு வட்டக் குழி. அந்தக் குழியில் செருகும் உருளைக்குத்தான் எலிமெண்ட் என்று பெயர். ஸ்லக் என்றும் சொல்வார்கள். தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு ஆன்டெனாப் பக்கம் பார்த்தால் போகிற பவர், அதாவது ஃபார்வர்டு. அரைவட்டம் திருப்பிச் செட்டைப் பார்க்க வைத்தால் ஆன்டெனா ஏற்காமல் திரும்பி வருகிற பவர், அதாவது ரிஃப்ளெக்ட். எந்த எலிமெண்ட் எதற்கு என்பது அதன் தலையிலேயே எழுதியிருக்கும். 50சி என்றால் முழு அளவு 50 வாட், 100 முதல் 250 மெகாஹெர்ட்ஸ் வரை. மரைன் விஎச்எஃப் 156-ஐ ஒட்டி இருப்பதால் எனக்கு அது ஒன்றே போதும்.

அந்த ஒன்றைத்தான் போன வருடம் மார்ச்சில் கீழே போட்டேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படகிலிருந்து குனிந்து இறங்கினேன். எலிமெண்ட் நழுவி மேடைச் சிமெண்டில் விழுந்து இரண்டு தடவை துள்ளியது. அதன் பிறகு எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் அசையவில்லை.

தடைக்காலம் தொடங்க அதிக நாள் இல்லை. புதிது வாங்கும் விலையைக் கேட்டுவிட்டு, பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் இன்னொரு 50சி வாங்கினேன். ஹாம் ரேடியோ நண்பர் ஒருவரிடம் இதே வகை மீட்டரும் நல்ல நிலையில் 25சி எலிமெண்ட் ஒன்றும் உண்டு. அவர் வீட்டு மேசையில் வைத்து ஒப்பிட்டோம். அவருடையது 22 வாட் என்றது. என்னுடையதும் 22 வாட் என்றது. திருப்திதான் என்று பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அம்பைத் திருப்பி வைத்து ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லை. இந்தக் கதையின் மூலம் அந்த அரைவட்டம்தான்.

மூன்று படகுகள்

முதல் படகில் ஃபார்வர்டு 22, ரிஃப்ளெக்ட் இரண்டரை வாட். நிற்கும் அலை விகிதம், அதான் எஸ்டபிள்யூஆர், இரண்டைத் தொடுகிறது. ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை, ஏற ஏற மோசம். அதற்கு முந்தைய வருடம் இதே படகில் முள் அசையவே இல்லை என்று என் நோட்டில் இருக்கிறது. கேபிளின் மேல்தோல் வெயிலில் வெடித்திருந்தது. பழியைப் போட இடம் கிடைத்துவிட்டது. முழுக் கேபிளையும் மாற்றினேன். ரிஃப்ளெக்ட் ஒரு வாட்டுக்கு இறங்கியது. சுழியம் ஆகவில்லை, ஆனால் குறைந்தது. குறைந்ததால் நம்பினேன்.

இரண்டாவது படகில்தான் சரியாக ஏமாந்தேன். அங்கே ரிஃப்ளெக்ட் 7 வாட். கீழ்முனை கனெக்டரை வெட்டிப் புதிது போடுவோம் என்று கேபிளில் ஓர் அடி போல நறுக்கிவிட்டுப் புதிய பிஎல்-259 சாலிடர் வைத்தேன். முள் அரை வாட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. எஸ்டபிள்யூஆர் கணக்குப்படி 3.6-லிருந்து 1.3. "பாத்தீங்களா அண்ணே, கனெக்டர்லதான் இருந்திச்சு" என்று படகுக்காரரிடம் பெருமையாகச் சொன்னது இன்றும் காதில் கேட்கிறது.

மூன்றாவது படகில் ஆன்டெனாவும் புதிது, கேபிளும் புதிது, இரண்டும் அன்று காலைதான் பெட்டியிலிருந்து வெளியே வந்தவை. ரிஃப்ளெக்ட் கிட்டத்தட்ட இரண்டு வாட். குறை சொல்ல அங்கே மிச்சம் எதுவும் இல்லை, என் கையிலிருந்த மீட்டரைத் தவிர.

டம்மி லோடு சொன்னது

வீட்டுக்கு வந்து ஆன்டெனா இருக்க வேண்டிய இடத்தில், வரும் பவரை எல்லாம் தின்றுவிடும் 50 ஓம் டம்மி லோடை மாட்டினேன். அதற்கு முன்னால் அந்த லோடையே நானோவிஎன்ஏ என்ற சிறிய ஆன்டெனா சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்தேன். 156 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் 1.05. அப்படியானால் 22 வாட் போனால் திரும்பி வருவது நூறில் ஒரு பங்கு வாட்டைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். 50 வாட் ஸ்கேலில் அது கண்ணுக்கே தெரியாது. மீட்டரோ ஒன்றரை வாட்டுக்கும் சற்று மேலே, 1.6 என்று வைத்துக்கொள்ளலாம், அங்கே நின்றது.

திரும்பி வராத பவரை வந்ததாகக் காட்டும் மீட்டர். எவ்வளவு பொய் என்பதை டெசிபலில் சொன்னால்: 22-க்கு 1.6, அதாவது 11 டெசிபல். போகும் அலையையும் வரும் அலையையும் பிரித்துக் காட்டும் இந்தத் திறமைக்கு டைரக்டிவிட்டி என்று பெயர். நல்ல எலிமெண்டில் 25, 30 டெசிபலாவது எதிர்பார்ப்போம்.

இந்த 11 டெசிபல் என்ன செய்யும் என்று தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் இரண்டாவது படகு புரிந்தது. எலிமெண்டின் பொய்யும் ஆன்டெனாவிலிருந்து உண்மையிலேயே திரும்பும் அலையும் இரண்டு தனித்தனிச் சுட்டிகள், கடிகார முட்கள் மாதிரி. ஒரே பக்கம் பார்த்தால் கூடும், எதிரெதிரே நின்றால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். எந்தப் பக்கம் பார்க்கும் என்பதைத் தீர்மானிப்பது கேபிளின் நீளம். 156 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-213-க்குள் ஓர் அலை ஏறத்தாழ 1.26 மீட்டர். அதில் கால்பங்கு 32 சென்டிமீட்டர். கேபிளில் 32 சென்டிமீட்டர் குறைத்தால் போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று சேர்த்துத் திரும்பும் அலையின் சுட்டி நேர் எதிராகத் திரும்பிவிடும். நான் நறுக்கியது ஓர் அடி.

ஆகவே அங்கே எதுவும் சரியாகவில்லை. கூட்டல் கழித்தலாக மாறியது, அவ்வளவுதான். 7 வாட்டையும் 0.4 வாட்டையும் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அந்த ஆன்டெனாவின் உண்மையான எஸ்டபிள்யூஆர் 1.9 பக்கம் வருகிறது. அந்தப் படகில் ஏதோ ஒரு கோளாறு இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதை நானே "சரி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இதிலிருந்து ஒரு சோதனை தானாகக் கிடைக்கிறது. கேபிள் நீளம் மாறினால் கேபிளின் இழப்பைத் தவிர எஸ்டபிள்யூஆர் பெரிதாக மாறக் கூடாது. அரை அடி ஜம்பர் ஒன்றைச் சேர்த்ததும் உங்கள் மீட்டர் குதித்தால், ஆன்டெனாவைத் தொடும் முன் மீட்டரைப் பாருங்கள். கேபிளின் வெளி உலோகப் பின்னலின் மேற்புறத்தில் ஓடும் கரண்ட்டும் இதே வேடிக்கையைக் காட்டும். அதனால்தான் இறுதித் தீர்ப்பை டம்மி லோடிடம் விட வேண்டியிருக்கிறது.

மீட்டரா, குழியா, எலிமெண்டா

இந்த அமைப்பில் மூன்று உறுப்புகள்: முள் இருக்கும் மீட்டர், எலிமெண்ட் உட்காரும் லைன் செக்‌ஷன், எலிமெண்ட். மீட்டரை உடனே ஒதுக்கலாம். அது 30 மைக்ரோஆம்பியருக்கு முழு அளவு காட்டும் ஒரு முள் மட்டுமே. எந்தப் பக்கத்துக் கரண்ட் என்று அதற்குத் தெரியாது. ஃபார்வர்டைச் சரியாகக் காட்டும் முள் ரிஃப்ளெக்டை மட்டும் திரித்துக் காட்டாது.

குழியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கடற்கரையில் எதுவும் பளபளப்பாக இருப்பதில்லை. எலிமெண்டின் அடி விளிம்பு குழியின் தரையில் முழுவட்டமாகப் பதிய வேண்டும். அந்தத் தொடர்பு கெட்டால் உள்ளே இருக்கும் லூப்பின் எர்த்தும் கெடும், கூடவே டைரக்டிவிட்டியும் போகும். டார்ச் அடித்துப் பார்த்தால் தரையில் பச்சை பூத்திருந்தது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் குழியின் தரை, சுவர், எலிமெண்டின் விளிம்பு எல்லாவற்றையும் துடைத்தேன். உப்புத்தாள் போடவில்லை, போடவும் கூடாது. மேலே உள்ள பூச்சு போனால் அடுத்த மழைக்காலத்தில் இன்னும் மோசமாகும். பக்கவாட்டில் எலிமெண்டின் பொத்தானைத் தொடும் சிறிய ஸ்பிரிங் விரலையும் துடைத்தேன். அதை வெளியே இழுத்து வளைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதிகம் வளைத்தால் எலிமெண்ட் உள்ளே போகும்போது மாட்டி ஒடியும்.

இத்தனைக்கும் பிறகு 1.6 என்பது 1.5 ஆயிற்று. பச்சை குற்றவாளி இல்லை.

நண்பரின் 25சி-யை வாங்கி வந்து அதே குழியில் ரிஃப்ளெக்ட் பக்கமாகச் செருகினேன். பாதி அளவு எலிமெண்ட், ஆகவே இரண்டு மடங்கு கூர்மையாகக் காட்ட வேண்டும். செட்டின் பேசும் பொத்தானை, அதான் பிடிடியை, அழுத்தினால் முள் சுழியத்தை விட்டு நகரவில்லை. விஷயம் முடிந்தது: குழி சுத்தம், மீட்டர் சுத்தம், நான் வாங்கி வந்த 50சி மட்டும் பொய்.

கடைசியாக ஒரு சிறு சோதனை. எலிமெண்டைக் குழிக்குள் பத்து டிகிரி இந்தப் பக்கம், பத்து டிகிரி அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே லூப் கோணலாகி இருந்தால் ஏதாவது ஒரு பக்கம் முள் இறங்கும் என்ற எண்ணம். இறங்கவில்லை. யோசித்தால் இறங்காதுதான். பத்து டிகிரிக்குக் கொசைன் ஒன்றரை சதவீதம்தான் மாறும். இவ்வளவு பெரிய பொய்க்குச் சிறு கோணல் காரணமாக இருக்க முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது

திறக்கும் முன் எலிமெண்ட் எப்படித் திசையைக் கண்டுபிடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பலர் உள்ளே ஏதோ மாயம் இருப்பதாக நினைக்கிறார்கள்.

உருளையின் அடியில், மையக் கம்பிக்கு அருகே, ஒரு சிறிய உலோக வளையம் இருக்கிறது. லூப். அதன் ஒரு முனை ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்குப் போகிறது. மறுமுனையில் ஒரு டயோடு, அலையை முள்ளை அசைக்கும் டிசியாக மாற்றுவது அதுதான். லூப்பில் ஒரே நேரத்தில் இரண்டு வோல்டேஜ் பிறக்கும். கேபிளில் ஓடும் கரண்ட்டின் காந்தப்புலம் ஒன்றைத் தூண்டுகிறது. கேபிளில் உள்ள வோல்டேஜ், லூப்புக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள மிகச் சிறிய கெபாசிட்டன்ஸ் வழியாகக் கசிந்து, அந்த ரெசிஸ்டரில் இன்னொன்றை உண்டாக்குகிறது. அலை ஒரு திசையில் போனால் இரண்டும் கூடும். எதிர்த் திசையில் வந்தால் கரண்ட் தலைகீழாகிவிடுவதால் இரண்டும் கழியும்.

கழிந்து சுழியம் ஆக வேண்டுமானால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். தராசு மாதிரி. ஒரு தட்டில் லூப்பின் அளவும் ஆழமும், மறு தட்டில் கெபாசிட்டன்ஸும் ரெசிஸ்டரும். தொழிற்சாலையில் இந்தத் தட்டுகளைச் சமம் செய்துதான் அனுப்புகிறார்கள்.

எலிமெண்டின் பெயர்த் தகட்டுக்கு அடியில் ஒரு பிரீசெட், அதாவது திருகித் தடையை மாற்றும் சிறு ரெசிஸ்டர், இருக்கிறது. அளவுதிருத்தம் அதில்தான். அது டயோடுக்கு அப்புறம் வருகிறது. கூட்டியதோ கழித்ததோ, கிடைத்த விடையைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். தராசுத் தட்டை அதனால் தொட முடியாது. "ரிஃப்ளெக்ட் அதிகமாகக் காட்டுகிறது, கொஞ்சம் பிரீசெட்டைக் குறைத்தேன்" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஃபார்வர்டையும் சேர்த்துக் குறைத்துவிட்டு, செட்டில் பவர் இல்லை என்று செட்டைப் பிரிப்பார்கள்.

திறந்தபோது

பெயர்த் தகட்டின் ஓரத்தை ஹேர் டிரையரால் சூடாக்கி மெதுவாக உரித்தேன். முதல் துப்பு அங்கேயே கிடைத்தது. பிரீசெட் ஏறத்தாழ கடைசிவரை திருப்பப்பட்டிருந்தது, பவரைக் குறைக்கும் பக்கம். அதன் தலையில் ஸ்குருடிரைவர் கீறல்கள். சரியான எலிமெண்டில் திருகு நடுவாக்கில் எங்காவது நிற்கும், இரண்டு பக்கமும் இடம் விட்டு. இது ஓரத்தில் ஒடுங்கி நிற்கிறது என்றால், டயோடுக்கு வரும் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட மிக அதிகம், யாரோ கழுத்தைப் பிடித்து அடக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடிமூடியைக் கழற்றினேன். லென்ஸ் வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சுற்றிலும் காய்ந்த பழுப்பு ஃபிளக்ஸ், நடுவில் சாதாரணக் கால்வாட் ரெசிஸ்டர் ஒன்று. கால்களைக் குட்டையாக வெட்டாமல் வளைத்து வைத்திருந்தார்கள். வண்ணக் கோடுகள் சாம்பல், சிவப்பு, கருப்பு. 82 ஓம். மல்டிமீட்டரும் 82 என்றது.

82 என்பது சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? உள்ளே இருக்கும் மதிப்புகளை யாரும் வெளியே எழுதுவதில்லை. ஆனால் என்னிடம் கீழே விழுந்து செத்த பழைய 50சி இருந்ததே. அதையும் திறந்தேன். லூப் அதே வடிவம், அதே ஆழம். ரெசிஸ்டர் தொடப்படாதது, 47 ஓம்.

இப்போது கணக்கு. ரெசிஸ்டர் பக்கத் தட்டு 82-க்கு 47, அதாவது 1.75 மடங்கு கனம். கழித்தால் மிஞ்சுவது 0.75, கூட்டினால் 2.75. விகிதம் 0.27. அதை வர்க்கம் செய்து 22 வாட்டால் பெருக்கினால் 1.6 வாட். மீட்டர் காட்டிய அதே எண். தாளில் இந்த எண் விழுந்தபோது மணி இரவு பதினொன்றரை. மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவருக்கு அவ்வளவு சுவாரசியம் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் ஊகிக்கலாம். யாரோ ஒருவர் கருகிய ரெசிஸ்டரை எடுத்துவிட்டுக் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். ஃபார்வர்டு ஏறத்தாழ இரண்டு மடங்கு பவர் காட்டியிருக்கும். பிரீசெட்டைத் திருகி அதைச் சரிக்கட்டியிருக்கிறார். ஃபார்வர்டை மட்டும் பார்த்து விற்றார், ஃபார்வர்டை மட்டும் பார்த்து நான் வாங்கினேன்.

முதல் முயற்சி, இரண்டாவது முயற்சி

டப்பாவிலிருந்து ஒரு 47 ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். ரிஃப்ளெக்ட் 1.6-லிருந்து கால் வாட்டுக்கு இறங்கியது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் சுழியம் இல்லை. இந்த ரெசிஸ்டர்களில் தடைப் படலத்தைச் சுருளாகச் செதுக்கியிருப்பார்கள். சுருளும் கால்களும் சேர்ந்து பத்து நானோஹென்றி இண்டக்டன்ஸ் வந்தால் 156 மெகாஹெர்ட்ஸில் அது 10 ஓம் ரியாக்டன்ஸ், அதாவது அதிர்வெண்ணோடு ஏறும் கூடுதல் தடை. டிசியில் 47 காட்டுவது விஎச்எஃப்பில் 47 இல்லை. முன்பு போட்டவர் செய்த தப்பில் பாதியை நானும் செய்திருக்கிறேன்.

அப்புறம் பழைய மதர்போர்டு ஒன்றிலிருந்து 1206 அளவு சிப் ரெசிஸ்டர் ஒன்றைக் கழற்றினேன். கால் இல்லை, சுருள் இல்லை. லூப்பின் முனைக்கும் எர்த் தளத்துக்கும் நடுவே நேராகப் படுக்க வைத்துச் சாலிடர் வைத்தேன். இந்த இடத்தில் கை நடுங்கக் கூடாது. அயர்ன் லூப்பைத் தள்ளினால் அடுத்த தட்டு ஏறிவிடும். பழைய எலிமெண்டில் லூப் விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரில் முன்பே அளந்து எழுதி வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் அதே அளவு இதிலும் இருக்கிறதா என்று பார்த்தேன். ஃபிளக்ஸையும் கழுவினேன். ஈரக் காற்றில் அது கசியும்.

மூடி, குழியில் வைத்து, அம்பைச் செட்டுப் பக்கம் திருப்பி அழுத்தினேன். முள் அசையவில்லை. டயோடு போய்விட்டதோ என்று ஒரு கணம் பயந்து அம்பைத் திருப்பினேன். முள் பாதி வரை ஏறி 11 வாட் என்றது. பிரீசெட் இன்னும் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அப்படி.

அளவுதிருத்தத்துக்குப் பெரிய லேப் எதுவும் இல்லை. நண்பரின் மீட்டரையும் என்னுடையதையும் ஒன்றன்பின் ஒன்றாக டம்மி லோடுக்கு முன் மாட்டினோம். அவர் 22 காட்டும்போது நானும் 22 காட்டும்படி பிரீசெட்டைத் திருப்பினேன். திருகு இப்போது நடுவில் வந்து நின்றது. பிறகு இரண்டு மீட்டரின் இடத்தையும் மாற்றிப் பார்த்தோம். நடுவில் உள்ள ஜம்பரின் இழப்பும் கனெக்டர்களின் சேட்டையும் அப்போது எதிர்ப்பக்கம் சாயும், சராசரி எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் துல்லியம் தேடுவது வீண். இந்த வகை எலிமெண்டுகளின் உத்தரவாதமே முழு அளவில் 5 சதவீதம்தான். 50 வாட் எலிமெண்டில் அது இரண்டரை வாட், முள் எங்கே நின்றாலும் அதே இரண்டரை. என் எலிமெண்ட் 22.4 காட்டுகிறதா 21.8 காட்டுகிறதா என்று சண்டை போடுவதில் பொருள் இல்லை. 145 மெகாஹெர்ட்ஸிலும் 162-இலும் பார்த்தேன், ரிஃப்ளெக்ட் சுழியத்தில்தான் இருந்தது. 230-இல் எப்படி இருக்கும் என்று எனக்குக் கவலை இல்லை.

கீழே விழுந்தது

பழைய எலிமெண்ட் சுலபம். முதலில் மீட்டரை உறுதி செய்துகொண்டேன்: ஒன்றரை வோல்ட் செல், தொடரில் 47 கிலோஓம். மீட்டரின் சொந்தத் தடை 1400 ஓமையும் சேர்த்தால் 31 மைக்ரோஆம்பியர், முள் முழு அளவைக் கொஞ்சம் தாண்டி நின்றது. எலிமெண்டில் பொத்தானுக்கும் உடலுக்கும் நடுவே மல்டிமீட்டரைக் கிலோஓம் நிலையில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் கடத்த வேண்டும், மறுபக்கம் கூடாது. இதில் இரண்டு பக்கமும் ஓப்பன். டயோடு நிலையில் வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம். நடுவே பிரீசெட்டின் தடை இருப்பதால் நல்ல எலிமெண்டும் ஓப்பன் மாதிரித் தெரியலாம். உள்ளே டயோடின் கண்ணாடி கீறியிருந்தது.

அதற்கு ஈடாக 1என்5711 என்ற ஷாட்கி வகை டயோடு போட்டேன். ஓடியது. ஆனால் சிறிய வோல்டேஜில் ஷாட்கி கொஞ்சம் சோம்பேறி. ஸ்கேல் அச்சடித்தது பழைய டயோடுக்கு. 22 வாட்டில் சரி செய்து வைத்தால் 5 வாட்டுக்கு 4 காட்டுகிறது. ஜெர்மானியம் டயோடு போட்டால் சரியாகும். ஆனால் 1என்60 என்ற பெயரில் இன்று கிடைப்பதில் பாதி சிலிக்கன் ஷாட்கிதான். ரிவர்ஸில் கசிவை அளந்துகொண்டே விரலால் சூடுபடுத்திப் பாருங்கள், கசிவு நன்றாக ஏறினால் ஜெர்மானியம். எனக்குக் கிடைக்கவில்லை. "15 வாட்டுக்குக் கீழ் நம்பாதே" என்று ஸ்டிக்கர் ஒட்டி அதை ஃபார்வர்டுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். பொய் சொன்ன எலிமெண்டுதான் இப்போது ரிஃப்ளெக்ட் பார்க்கிறது.

பவர் அளக்க லேப்களில் இருக்கும் தெர்மோகப்பிள் சென்சார்களுக்கு இந்த வைத்தியம் எதுவும் செல்லாது. எச்பி 8481ஏ மாதிரியானவை அளப்பது 100 மில்லிவாட் வரைக்கும்தான், சராசரியில் 300 மில்லிவாட்டுக்கு மேல் தாங்காது. பவரைக் குறைத்துக் கொடுக்கும் அட்டெனுவேட்டரை மறந்துவிட்டு 25 வாட் செட்டை நேராக மாட்டினால் ஒரு நொடி போதும். உள்ளே மெல்லிய படலம், அயர்ன் வைக்க இடமே இல்லை. அந்த விஷயத்தில் என்னுடைய உருளை கருணையுள்ளது.

மறுபடி மூன்று படகுகள்

மறுவாரம் எலிமெண்டையும் டம்மி லோடையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் படகில் ரிஃப்ளெக்ட் கால் வாட்டுக்கும் கீழே. கழற்றிய பழைய கேபிள் இன்னும் கேபின் மூலையில் சுருட்டிக் கிடந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன். அதே கால் வாட். மேல்தோல் வெடித்திருந்தாலும் உள்ளே ஒன்றும் ஆகவில்லை. கேபிள் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதிய கேபிளை அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாவது படகில் முள் அசையவே இல்லை.

இரண்டாவது படகுக்காரர் என்னைப் பார்த்ததும், "தம்பி, நானே வரச் சொல்லலாம்னு இருந்தேன். பக்கத்துப் படகு பேசுறது கேக்குது, கொஞ்சம் தள்ளி இருந்தா ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றார். பதில் சொல்லாமல் மீட்டரை மாட்டினேன். 72-ஆம் சேனலில் வைத்து அழுத்தினேன். அவசர அழைப்புக்கான 16-இல் சோதனை செய்யக் கூடாது. ஃபார்வர்டு 22, ரிஃப்ளெக்ட் இரண்டு வாட்டுக்குச் சற்று மேலே. தாளில் வந்த 1.9 இதுதான்.

கேபின் மேல் ஏறி ஆன்டெனாவின் அடியில் இருக்கும் கனெக்டரைப் பார்த்தேன். ஒட்டுநாடாவை மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தார்கள், மழைத்தண்ணீர் ஒவ்வொரு சுற்றிலும் தங்கி உள்ளே இறங்க வசதியாக. நாடாவைக் கிழித்து பிஎல்-259-ஐத் திருகிக் கழற்றினேன். பச்சைத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

"இதையா முன்னாடி மாத்துனே?" என்றார் கீழே நின்றவர்.

"இல்லண்ணே. அந்தப் பக்கத்து முனையை."